180-ல் பறந்தாலும் 3 கிலோமீட்டர்தான்! ஆன்லைன் ஆர்பிஜி வண்டிகளின் வேகம்: தெரியுமா?

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் விளையாட்டில் காரும் பைக்கும் லாரியும் விமானமும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் 2004-ல் வெளிவந்த அந்த விளையாட்டின் திரையில் ஸ்பீடோமீட்டரே கிடையாது, தெரியுமா? பணம் தெரியும், உயிர்க்கோடு தெரியும், துப்பாக்கித் தோட்டா எண்ணிக்கைகூடத் தெரியும். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மட்டும் திரையில் ஓர் எண்ணும் வராது!

அப்படியானால், அந்த விளையாட்டைப் பலர் சேர்ந்து இணையத்தில் ஆட உதவும் சாம்ப், எம்டிஏ போன்ற மென்பொருள்களில் ஓடும் ரோல்பிளே சர்வர்களில் (ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் இடங்கள்) திரையின் ஓரத்தில் ‘187 கி.மீ.’ என்று பளபளக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? சர்வர் நடத்துகிறவர்கள் எழுதிச் சேர்த்தது. அதாவது, நீங்கள் பார்க்கும் வேகம் விளையாட்டு சொன்னதல்ல. யாரோ ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் கணக்குக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

180 என்ற மாய எண்

வண்டியின் வேகத்தைக் கேட்டால் விளையாட்டு ஓர் எண்ணைத் தராது, மூன்று எண்களைத் தரும்! கிழக்கு மேற்காக எவ்வளவு, தெற்கு வடக்காக எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு. மூன்றும் தனித்தனி. உதாரணத்துக்கு 0.6, 0.8, 0 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை எப்படி ஒரே வேகமாக்குவது? பள்ளியில் ‘இது எதற்குப் பயன்படப்போகிறது’ என்று அலுத்துக்கொண்டோமே, அதே பிதாகரஸ் தேற்றம்! ஒவ்வோர் எண்ணையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.36, 0.64, 0. கூட்டினால் 1. வர்க்கமூலமும் 1.

சரி, அந்த ‘1’ என்றால் என்ன? மணிக்கு ஒரு கிலோமீட்டரா? விநாடிக்கு ஒரு மீட்டரா? இரண்டும் இல்லை! சான் ஆண்ட்ரியாஸ் தன் நேரத்தை ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்காக நறுக்கி வைத்திருக்கிறது. 20 மில்லிவிநாடி அதற்கு ஒரு ‘அடி’. அந்த ஓர் அடிக்குள் வண்டி எத்தனை அலகு நகர்ந்தது என்பதுதான் அது தரும் எண். வரைபடத்தில் ஓர் அலகு என்பது ஒரு மீட்டர். ஆகவே ‘1’ என்றால் விநாடிக்கு 50 மீட்டர். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 180 கிலோமீட்டர்!

எம்டிஏ ஸ்கிரிப்டு எழுதுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 180 என்ற எண் பிறந்த கதை இதுதான். மைலில் காட்ட வேண்டுமா? 111.847-ஆல் பெருக்குவார்கள். 180-ஐ 1.609344-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே எண் வரும்.

எல்லோரும் 180-ஆல்தான் பெருக்குகிறார்களா என்றால், அதுதான் இல்லை! சாம்ப் சர்வர்களின் ஸ்கிரிப்டுகளைப் புரட்டினால் ஒருவர் 180 போட்டிருப்பார், இன்னொருவர் 136.67, வேறொருவர் 200. எங்கிருந்தோ நகலெடுத்த எண்ணை ஏன் என்று கேட்காமல் ஒட்டிக்கொண்டவர்கள்தான் நிறைய. அதே கார், அதே சாலை, அதே ஓட்டம். ஆனால் ஒரு சர்வரில் மீட்டர் 137 காட்டும், பக்கத்து சர்வரில் 200 காட்டும்! ஆட்டோ மீட்டருக்குச் சூடு வைப்பார்களே, அதேதான் இது. ‘எங்கள் சர்வரில் கார் பயங்கர வேகம்’ என்று யாராவது பீற்றிக்கொண்டால், கார் வேகமா, பெருக்கல் வேகமா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. நிஜக் காரின் மீட்டரும் கூட்டித்தான் காட்டலாம், தெரியுமா? ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிமுறையின்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை! உண்மையில் 180 என்றால் 202 வரை காட்டினாலும் குற்றமில்லை. அப்படிப் பார்த்தால் 200-ஆல் பெருக்கும் சர்வர் சட்டப்படி தப்பிவிடும், 136.67-ஆல் பெருக்குகிறவர்தான் மாட்டிக்கொள்வார்!

கையை எடுத்த பிறகும் ஏறும் வேகம்

மேலே சொன்ன மூன்று எண்களில் மூன்றாவதைக் கொஞ்சம் கவனியுங்கள். மேல் கீழ். சான் ஆண்ட்ரியாஸின் சிலியாட் மலை உச்சியிலிருந்து காரோடு பாய்கிறீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டீர்கள், சக்கரம் எதையும் தொடவில்லை. ஆனால் மீட்டர் ஏறிக்கொண்டே போகும்! 0.6, 0.8 அப்படியே இருக்க, கீழ்நோக்கிய எண் 0.5 ஆனால் மொத்தம் 1.118. மீட்டரில் 201! விழுவதும் வேகம்தானே என்று கணக்கு சொல்கிறது. இது பிடிக்காத ஸ்கிரிப்டு எழுத்தாளர்கள் மூன்றாவது எண்ணை அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அங்கே செங்குத்தாக விழும் காரின் வேகம் பூஜ்யம்!

விழும்போது ஏன் அவ்வளவு சீக்கிரம் எண் ஏறுகிறது என்று யோசித்ததுண்டா? சாம்ப் சர்வரில் புவியீர்ப்பின் இயல்பு அளவு 0.008. பார்ப்பதற்கு அற்பமான எண். ஆனால் அது ஒவ்வொரு 20 மில்லிவிநாடிக்கும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு விநாடியில் ஐம்பது தடவை, ஆக 0.4. அதை 180-ஆல் பெருக்கினால் 72 கிலோமீட்டர்! பூமியில் ஒரு விநாடி விழுந்தால் கிடைக்கும் வேகம் சுமார் 35 கிலோமீட்டர்தான். சான் ஆண்ட்ரியாஸின் புவியீர்ப்பு நம்முடையதைப் போல இரண்டு மடங்கு என்று இத்தனை வருடம் அதில் விளையாடியவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

மணிக்கு 3 கிலோமீட்டர்!

இப்போது தலைப்புக்கு வருவோம். சான் ஆண்ட்ரியாஸில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 24 நிமிடம். அங்கே ஒரு நிமிடம் ஓட நமக்கு ஒரு விநாடி போதும். இன்பெர்னஸ் காரில் 180-ல் பறக்கிறீர்கள். நம் ஒரு விநாடியில் 50 மீட்டர். ஆனால் அந்த ஊர்க் கடிகாரத்தில் அதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. நிமிடத்துக்கு 50 மீட்டர்! மணிக்கு எவ்வளவு? 3 கிலோமீட்டர்! காலையில் பூங்காவில் நடக்கிற பெரியவர் முந்திக்கொண்டு போய்விடுவார்.

2013-ல் வந்த ஜிடிஏ 5-ல் நிலைமை கொஞ்சம் தேவலை. அங்கே ஒரு நிமிடத்துக்கு நம் இரண்டு விநாடி. ஆகவே அதே 180, அந்த ஊர்க் கடிகாரப்படி மணிக்கு 6 கிலோமீட்டர். ரோல்பிளே சர்வர்களில் பலர் கடிகாரத்தை நிஜ நேரத்துக்கு மாற்றிவிடுவதால் இந்தச் சங்கடம் அங்கே எழாது.

தூரமும் அப்படித்தான். சான் ஆண்ட்ரியாஸ் வரைபடம் ஒரு பக்கம் 6,000 அலகு, அதாவது 6 கிலோமீட்டர். நிஜ லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குச் சாலைவழி 430 கிலோமீட்டருக்கு மேல். அவற்றை வைத்து உருவாக்கிய லாஸ் சான்டோஸும் லாஸ் வெஞ்சுராஸும், கூடவே சான் பியரோவும், இடையில் பாலைவனமும் காடும் எல்லாம் அந்த ஆறு கிலோமீட்டர் சதுரத்துக்குள்! 180-ல் நேர்கோட்டில் போக முடிந்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டே நிமிடம்.

கேமராவில் சிக்காமல் இருக்க இன்னும் வேகமாகப் போ!

ரோல்பிளே சர்வரில் போலீஸ் உண்டு, அபராதம் உண்டு, சாலையோர ஸ்பீடு கேமரா உண்டு. இந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது தெரியுமா? லென்ஸும் கிடையாது, ரேடாரும் கிடையாது. ஒரு டைமர். குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தடவை, ‘இந்தப் புள்ளியைச் சுற்றி 20 மீட்டருக்குள் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் வேகம் என்ன?’ என்று சர்வர் கேட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்.

டைமர் ஒரு விநாடிக்கு ஒரு தடவை ஓடுகிறது என்று வைப்போம். வட்டத்தின் அகலம் 40 மீட்டர். 180-ல் வரும் கார் ஒரு விநாடியில் 50 மீட்டர் தாண்டும். ஆகவே ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே, வட்டத்துக்கு முன்னால் இருந்த கார் வட்டத்துக்குப் பின்னால் போய்விடலாம்! ஐந்தில் ஒரு தடவை இப்படித் தப்பலாம். 300-ல் போனால்? விநாடிக்கு 83 மீட்டர். இப்போது பாதிக்கு மேல் தப்பிக்கும் வாய்ப்பு! 100-ல் போகிறவன் ஒவ்வொரு தடவையும் அபராதம் கட்ட, 300-ல் போகிறவன் கையை ஆட்டிவிட்டுப் போவான். டைமரை கால் விநாடிக்கு மாற்றினால் இந்தக் கூத்து நின்றுவிடும். 300-லும் கார் 21 மீட்டர்தான் தாண்டும், வட்டத்துக்குள் கட்டாயம் சிக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான பேருக்கு விநாடிக்கு நான்கு தடவை கணக்குப் போட்டால் சர்வர் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்தான் ஒவ்வொரு கேமராவும்.

விபத்து வழக்கிலும் கூத்துதான். ‘நான் நின்றுகொண்டிருந்தேன், அவன்தான் வந்து மோதினான்’ என்று இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். இருவருமே உண்மை சொல்லக்கூடும், தெரியுமா? சாம்ப் சர்வரின் வழக்கமான அமைப்பில் வண்டியில் இருப்பவரின் கணினி 40 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை தன் இருப்பிடத்தை அனுப்பும். 180-ல் போனால் ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 2 மீட்டர். அது பரவாயில்லை. அந்தத் தகவல் மற்றவர் திரைக்கு வந்து சேர 200 மில்லிவிநாடி ஆனால், அவர் பார்க்கும் கார் உண்மைக் காருக்கு 10 மீட்டர் பின்னால் இருக்கும்! பத்து மீட்டர் என்றால் ஒரு குறுக்குத் தெருவே அடங்கிவிடும். சாட்சி சொல்ல யாரைக் கூப்பிடுவது?

ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதிலும் யாரை நம்புவது என்ற இதே சிக்கல் வருகிறது. வேகத்தைச் சொல்வது விளையாடுபவரின் கணினி. அது பொய் சொல்லலாம். அதனால் விவரமான சர்வர்கள் இரண்டு வழியில் அளந்து ஒப்பிடும். வண்டி சொன்ன வேகம் ஒன்று. போன தடவை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று தூரத்தை நேரத்தால் வகுத்தது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம். மாயமாக ஊர் விட்டு ஊர் தாவுகிறவனின் வண்டி ‘50’ என்று சாதுவாகச் சொல்லும். இரண்டாவது கணக்கோ பல்லாயிரம் கிலோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்!

ஜிடிஏ 5-க்குப் போனால்

பைவ்எம் என்ற மென்பொருள் வழியாக ஓடும் ஜிடிஏ 5 ரோல்பிளே சர்வர்களில் (தமிழிலேயே பேசி விளையாடும் சர்வர்களும் இருக்கின்றன) இந்த 180 வேலைக்கு ஆகாது. இங்கே விளையாட்டு நேராக விநாடிக்கு மீட்டரில் சொல்லிவிடும். 3.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர், 2.236936-ஆல் பெருக்கினால் மைல். பாவம், கதையே இல்லாத எண்கள்.

ஆனால் காரின் குணத்தைத் தீர்மானிக்கும் கோப்பில் இருக்கிறது சுவாரசியம். அதில் அதிகபட்ச வேகத்துக்கு 150 என்று எழுதியிருந்தால் அது கிலோமீட்டரும் இல்லை, மைலும் இல்லை! 1.32-ஆல் பெருக்கினால்தான் கிலோமீட்டர், அதாவது 198. 0.82-ஆல் பெருக்கினால் மைல், 123. அந்த 198-ஐயும் கார் எட்டியே தீரும் என்று உத்தரவாதம் இல்லை. காற்றின் தடையும் கியரும் வேறு கதை சொல்லலாம். இதற்கு நேர்மாறாக, சாலையோரத்து நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினால் சில கார்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பாயும்! நிஜத்தில் செய்தால் ரிம் வளையும். இங்கே பந்தயம் ஜெயிக்கலாம். பைக்கில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டினாலும் வேகம் கூடும்.

நிஜக் காரின் ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுழற்சியிலிருந்து வேகத்தைக் கணிக்கிறது. சேற்றில் மாட்டிக்கொண்டு சக்கரம் வீணாகச் சுழன்றால் நிஜ மீட்டர் ஏறும், கார் நகராது. ரோல்பிளே மீட்டர் பெரும்பாலும் வண்டியின் உடல் நகர்வதைத்தான் அளக்கிறது. ஆகவே சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் பூஜ்யம். சேற்றில் மாட்டிக்கொண்டால் நம் கார் மீட்டரைவிட அந்த மீட்டருக்குத்தான் உண்மை தெரியும்!

சூப்பர் கார்களுக்குச் சில சர்வர்கள் ஏன் வேகக் கட்டுப்பாடு போடுகின்றன? விபத்துக்குப் பயந்து மட்டுமல்ல. கார் மிக வேகமாகப் போனால், எதிரே உள்ள சாலையைக் கணினி வரைந்து முடிப்பதற்குள் கார் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். தரையே இல்லாத இடத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குதிரைக்குச் சதவீதம், கப்பலுக்கு ஒளியின் 1,500 மடங்கு

ஜிடிஏ-வை விட்டு மற்ற ஆன்லைன் ஆர்பிஜிகளுக்குப் போவோம். வேர்ல்டு ஆப் வார்கிராப்டில் கிலோமீட்டரும் கிடையாது, மைலும் கிடையாது; சதவீதம்! மனிதன் ஓடுவது 100 சதவீதம். அது விநாடிக்கு 7 கஜம், மணிக்கு 23 கிலோமீட்டர். முழுக் கவசம் போட்டுக்கொண்டு, வாளும் கேடயமும் தூக்கிக்கொண்டு, சளைக்காமல்! நல்ல சவாரி விலங்கு அதன்மேல் இன்னொரு 100 சதவீதம் கூட்டும், 46 கிலோமீட்டர். 2008-ல் பக்கவண்டி வைத்த மோட்டார் சைக்கிள் வந்தது. புகை கக்கிக்கொண்டு கர்ஜிக்கும் அந்த இயந்திரத்தின் வேகம்? அதே 100 சதவீதம்! ஓநாயும் குதிரையும் மோட்டார் சைக்கிளும் ஒரே வேகத்தில் ஓடும் உலகம் அது. சவாரி ஆமை என்று ஒன்றும் உண்டு. அது கூட்டித் தரும் வேகம் பூஜ்யம் சதவீதம். பெருமைக்காக ஏறிக்கொள்ளலாம்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஈவ் ஆன்லைனுக்கு வாருங்கள். விண்கப்பல்கள்! சண்டையின்போது வேகம் விநாடிக்கு மீட்டரில். இன்டர்செப்டர் என்ற அதிவேகக் கப்பல் சாதாரணமாக விநாடிக்கு 4 கிலோமீட்டர் போகும். மணிக்கு 14,400! அடேங்கப்பா என்கிறீர்களா? நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வேகம் விநாடிக்கு 7.66 கிலோமீட்டர். எதிர்காலத்து இன்டர்செப்டரைவிட நம் காலத்து நிலையம் வேகம்!

ஆனால் ‘வார்ப்’ என்ற நெடுந்தூரப் பாய்ச்சலில் இறங்கினால் நிலைமை தலைகீழ். அங்கே அளவு வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், சுமார் 15 கோடி கிலோமீட்டர். விநாடிக்கு 3 அலகு வேகத்தில் போகும் கப்பல், ஒளிக்கு 25 நிமிடம் பிடிக்கும் தூரத்தை ஒரே விநாடியில் தாண்டும். ஒளியைப் போல ஏறத்தாழ 1,500 மடங்கு!

அதைவிட விசித்திரம், அந்த விண்வெளியில் இன்ஜினை நிறுத்தினால் கப்பல் நின்றுவிடும். வெற்றிடத்தில் எதற்கு நிற்க வேண்டும் என்று நியூட்டன் கேட்பார். விளையாட்டின் கணக்கு விண்வெளியைத் தண்ணீர்போல நடத்துகிறது. கப்பல்கள் உள்ளே நீர்மூழ்கிகள்தான். வார்ப்பில் பாய வேண்டுமானால் முதலில் உச்ச வேகத்தில் 75 சதவீதத்தை எட்ட வேண்டும். அதற்கு ஆகும் நேரத்துக்குச் சூத்திரமே உண்டு: கப்பலின் எடையை மந்தத்தன்மை எண்ணால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்து, 1.386-ஆல் பெருக்க வேண்டும். பத்து லட்சம் கிலோ எடை, மந்தத்தன்மை 3 என்றால் 4.16 விநாடி. ஆனால் ஈவ் சர்வர் விநாடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கும். ஆகவே அந்த 4.16 உண்மையில் 5! இரண்டு விநாடிக்குள் திரும்பிப் பாயும் கப்பலைக் குறி வைத்துப் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 2.0-க்கும் 2.01-க்கும் இருக்கும் இடைவெளியில் உயிர் போகும் என்பதால், அந்த 0.01-ஐக் குறைக்கப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் ஏராளம்.

2014 ஜனவரியில் ஈவ் உலகின் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்தில் ஒரு போர். ஆயிரக்கணக்கான பேர், ஏறத்தாழ 21 மணி நேரம்! இவ்வளவு கூட்டம் சேர்ந்தால் சர்வர் திணறும். அதற்கு சிசிபி கண்டுபிடித்த வழி நேரத்தையே இழுத்துவிடுவது. பத்தில் ஒரு பங்குவரை காலம் மெதுவாகும். மீட்டரில் விநாடிக்கு 1,000 மீட்டர் என்று காட்டும் கப்பல், நம் கடிகாரப்படி 100 மீட்டர்தான் நகரும். எண் பொய் சொல்லவில்லை, விநாடிதான் நீண்டுவிட்டது!

நீங்களே அளந்து பார்க்கலாம்

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் சாம்ப் சர்வரின் மீட்டருக்குச் சூடு வைத்திருக்கிறார்களா என்று சந்தேகம் வருகிறதா? விளையாட்டில் வெர்டன்ட் மெடோஸ் என்ற பழைய விமான ஓடுபாதைக்குப் போங்கள். ஒரு முனையில் ‘/சேவ்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். உங்கள் இருப்பிடம் கணினியில் ஒரு கோப்பில் எழுதப்படும். மறுமுனையிலும் அதையே செய்யுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தை பிதாகரஸ் சொல்வார். இப்போது நன்றாகப் பின்வாங்கி, வேகம் எடுத்து, மீட்டர் முள் ஓரிடத்தில் நிலைத்தபின் அந்த இரண்டு புள்ளிகளையும் கடந்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரத்தைக் குறியுங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்து 3.6-ஆல் பெருக்குங்கள். 200 மீட்டரை 4 விநாடியில் கடந்தால் 180. மீட்டர் வேறு எதையாவது காட்டினால், அட்மினிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எந்த எண்ணால் பெருக்குகிறீர்கள்?’